எம்.ஆர்.ஐ. துறையில் வேலை, மூளை ஆய்வு: வாசகர் கேள்வி பதில்

ஸ்கேன் அறையிலும் மூளை ஆய்வகத்திலும் கிடைக்கும் வேலைகள் பற்றி வாசகர்கள் கேட்டதில், திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பள்ளி இறுதியாண்டு படிக்கிறேன். மூளை ஆராய்ச்சியில் சேர ஆசை. டாக்டருக்குப் படித்தால்தான் எம்.ஆர்.ஐ. பக்கமே போக முடியும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை இல்லை. எம்.ஆர்.ஐ.க்காக 2003-ல் மருத்துவ நோபல் பரிசு பெற்ற இருவரில் பால் லாட்டர்பர் வேதியியலாளர், பீட்டர் மேன்ஸ்ஃபீல்டு இயற்பியலாளர். ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு மாறுவதை எம்.ஆர்.ஐ. படத்தில் காண முடியும் என்று 1990-ல் காட்டி, மூளைச் செயல்பாட்டை ஸ்கேன் செய்ய வழி திறந்த செய்ஜி ஒகாவாவும் டாக்டர் இல்லை. படத்தைப் பார்த்து ‘இது இன்ன நோய்’ என்று கையெழுத்துப் போடும் ரேடியாலஜிஸ்ட் வேலைக்குத்தான் மருத்துவப் பட்டமும், அதற்கு மேல் சிறப்புப் படிப்பும் கட்டாயம்.

ஆய்வுக்காக எடுக்கும் ஒரே ஒரு மூளை ஸ்கேனை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளைப் படுக்கவைத்து மெஷினை ஓட்டுகிறவர் டெக்னாலஜிஸ்ட். எந்த வரிசையில், எத்தனை மில்லிசெகண்ட் இடைவெளியில் ரேடியோ அலைகளைச் செலுத்துவது என்று வகுப்பவர் எம்.ஆர். இயற்பியலாளர். தலையைச் சுற்றி வைக்கும் காயிலை, அதாவது ரேடியோ சமிக்ஞையைப் பிடிக்கும் கம்பிச்சுருளை, வடிவமைப்பவர் மின்னணுப் பொறியாளர். உள்ளே படுத்திருப்பவருக்கு என்ன காட்டுவது, என்ன கேட்பது என்று முடிவு செய்பவர் உளவியலாளர். வந்து குவியும் தரவைச் சுத்தம் செய்து கணக்குப் போட நிரலாளரும் புள்ளியியல் படித்தவரும் வேண்டும். மெஷின் பழுதானால் ஓடி வரும் சர்வீஸ் பொறியாளர் இல்லாவிட்டால் இவர்கள் அத்தனை பேரும் கைகட்டி உட்கார வேண்டியதுதான்.

மனிதர்களோடு பேசிப் பழகும் வேலை பிடிக்கும் என்றால் கதிரியல் தொழில்நுட்பப் படிப்பு நல்ல வாசல். இயற்பியலில் ஆர்வம் என்றால் மருத்துவ இயற்பியல் அல்லது உயிரிமருத்துவப் பொறியியல். எதை எடுத்தாலும் கணிதத்தை மட்டும் பாதியில் கைவிட்டுவிடாதீர்கள். எம்.ஆர்.ஐ. படம் என்பது கேமராவில் எடுத்த போட்டோ மாதிரி நேரடியாக வருவதில்லை. காயில் பிடித்த ரேடியோ சமிக்ஞையிலிருந்து கணக்குப் போட்டு உருவாக்கும் படம் அது. அந்தக் கணக்கு புரிந்தவருக்கு இந்தத் துறையில் எல்லாக் கதவும் திறக்கும்.

கதிரியல் தொழில்நுட்பம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எக்ஸ்-ரே, சி.டி. பழகிவிட்டது. எம்.ஆர்.ஐ. அறையில் புதிதாக வருபவர்கள் எங்கே தவறுகிறார்கள்?

சி.டி.யில் பழகிய கை, ஸ்கேன் ஓடாதபோது மெஷின் சும்மா இருப்பதாக நினைத்துக்கொள்ளும். பெரும்பாலான ஆபத்து அங்கிருந்துதான் தொடங்குகிறது. எம்.ஆர்.ஐ. காந்தம் இரவிலும் அணையாது, விடுமுறையிலும் அணையாது, மின்சாரம் போனாலும் அணையாது. மைனஸ் 269 டிகிரி செல்சியஸில் இருக்கும் திரவ ஹீலியம் குளிர்விக்கும் கம்பிச்சுருளில் மின்னோட்டம் தடையே இல்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது. காந்தப்புலத்தின் வலிமையை டெஸ்லா என்ற அலகில் சொல்வார்கள். 3 டெஸ்லா காந்தம் என்றால் பூமியின் காந்தப்புலத்தைப் போல ஏறக்குறைய 60,000 மடங்கு. 2001-ல் அமெரிக்காவில் ஸ்கேனருக்குள் இருந்த 6 வயதுச் சிறுவன், அறைக்குள் கொண்டுவரப்பட்ட ஆக்சிஜன் சிலிண்டர் பாய்ந்து வந்து தலையில் மோதியதால் இறந்துபோனான். சிலிண்டரைக் கொண்டுவந்தது உதவும் எண்ணத்தில்தான். ஆகவே ஸ்கேனருக்குள் ஒருவருக்கு மூச்சோ இதயமோ நின்றால் முதலில் அவரை அறைக்கு வெளியே இழுத்து வாருங்கள்; முதலுதவிக் குழுவை உள்ளே அழைக்காதீர்கள். மார்பை அழுத்தத் தொடங்கியபடியே வெளியேற வேண்டும், கதவை உடனே மூட வேண்டும். இதை மாதம் ஒருமுறையாவது ஒத்திகை பார்க்காத இடத்தில், நிஜத்தில் நேரும்போது யாராவது ஒருவர் கத்தரிக்கோலோடு உள்ளே ஓடுவார்.

அடுத்தது, கேள்வி கேட்கும் விதம். “உடம்பில் மெட்டல் ஏதாவது இருக்கா?” என்று கேட்டால் பெரும்பாலோர் “இல்லை” என்றுதான் சொல்வார்கள். பொய் சொல்வதில்லை, நினைவில் இல்லை. பேஸ்மேக்கர் உண்டா, தலையில் ஆபரேஷன் ஆகியிருக்கிறதா, ரத்தக்குழாயில் கிளிப் போட்டார்களா, காதுக்குள் கருவி உண்டா, தோலில் மருந்துப் பட்டை ஒட்டியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேளுங்கள். வெல்டிங், கிரைண்டிங் செய்தவரா என்று கட்டாயம் கேளுங்கள். எப்போதோ கண்ணில் தெறித்து உள்ளே தங்கிய இரும்புத் துகள், காந்தத்துக்குள் நகர்ந்தால் பார்வையே போகும். சந்தேகம் இருந்தால் முதலில் கண்குழிக்கு எக்ஸ்-ரே. உடலில் பொருத்திய கருவி இருந்தால் அதன் மாடல் எண்ணைப் பார்க்காமல் உள்ளே விடக்கூடாது. மஞ்சள் முக்கோணக் குறி போட்ட கருவி ‘நிபந்தனையோடு அனுமதி’ வகை. 1.5 டெஸ்லாவில் சரி என்று எழுதியிருந்தால் 3 டெஸ்லாவிலும் சரி என்று எடுத்துக்கொள்ள வழியே இல்லை.

மூன்றாவது, தீக்காயம். ரேடியோ அலை உடலைச் சூடாக்கும். கை விரல்களைக் கோத்துக்கொண்டாலோ, வெறும் தொடைகள் இரண்டும் ஒட்டிக்கொண்டாலோ உடம்பே ஒரு மூடிய மின்சுற்றாகி, தொடும் இடத்தில் தோல் வெந்துவிடும். கைகள் பிரிந்திருக்க வேண்டும். தோலுக்கும் ஸ்கேனர் குழாயின் சுவருக்கும் நடுவே திண்டு வேண்டும். கேபிளைச் சுருட்டி வயிற்றின் மேல் வைக்கக்கூடாது. உலோக இழை கலந்த விளையாட்டு உடைகள் இப்போது நிறைய. ஸ்கேனுக்கான உடைக்கு மாற்றிவிடுவதே நல்லது.

இனி படத்தின் தரம். தலையின் இரு பக்கமும் காயிலுக்குள் பஞ்சுத் திண்டு இறுக்கமாக வையுங்கள். வலிக்கும் அளவுக்கு வேண்டாம், வலித்தால் அதற்காகவே ஆள் அசைவார். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் இடுப்பு வலிக்காது, தலையும் அசையாது. காது அடைப்பான் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். உள்ளே சத்தம் 100 டெசிபெலைத் தாண்டும். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முன்னால் “அடுத்தது 5 நிமிஷம், டக்டக் என்று சத்தம் வரும், படுக்கை கொஞ்சம் அதிரும்” என்று மைக்கில் சொல்லுங்கள். சொன்னால் மனிதர்கள் அசைவது குறைகிறது. போட்டோவில் ஒருவர் கையை ஆட்டினால் கை மட்டும்தான் மங்கும். எம்.ஆர்.ஐ.யில் அப்படி இல்லை. சமிக்ஞையின் ஒவ்வொரு துளியிலும் முழுப் படத்தின் தகவலும் கலந்திருப்பதால், ஒருமுறை விழுங்கினாலே அதன் நிழல் படத்தின் குறுக்கே வரிவரியாகப் பரவும்.

அமைதியில்லாத நோயாளி என்றால் முக்கியமான ஸ்கேனை முதலில் எடுத்துவிடுங்கள். பக்கவாதச் சந்தேகம் என்றால், திசுவில் நீர் மூலக்கூறுகள் நகர்வதைக் காட்டும் டிஃப்யூஷன் ஸ்கேன்தான் அது. ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும். அதில் வெள்ளையாகத் தெரிவதெல்லாம் புதிய பாதிப்பு என்று நினைக்காதீர்கள். அந்த நகர்வின் அளவைக் காட்டும் ஏ.டி.சி. படத்தில் அதே இடம் கறுப்பாக இருக்கிறதா என்று ஒப்பிட வேண்டும். இரண்டிலும் வெள்ளை என்றால் பெரும்பாலும் பழைய பாதிப்பின் ஒளிர்வு. ஆனால் இதை நோயாளியிடம் சொல்வது உங்கள் வேலை அல்ல; ரேடியாலஜிஸ்ட்டை உடனே அழைப்பதுதான் உங்கள் வேலை.

எம்.ஆர்.ஐ. அறையிலேயே தினமும் வேலை பார்த்தால் கதிர்வீச்சு தாக்குமா?

எக்ஸ்-ரே, சி.டி. போன்ற அயனியாக்கும் கதிர்வீச்சு எம்.ஆர்.ஐ.யில் இல்லை. 3 டெஸ்லா ஸ்கேனரின் ரேடியோ அலை சுமார் 128 மெகாஹெர்ட்ஸ், எஃப்.எம். வானொலியின் அலைவரிசைக்குக் கொஞ்சம் மேலே. காந்தத்தின் வாய்க்குள் தலையை வேகமாகத் திருப்பினால் சிலருக்குத் தலைச்சுற்றலும் வாயில் உலோகச் சுவையும் வரும். மெதுவாக நகர்ந்தால் போதும். கவனிக்க வேண்டிய இன்னொன்று குவெஞ்ச். ஏதோ காரணத்தால் காந்தச்சுருள் சூடேறினால் திரவ ஹீலியம் கொதித்து ஒரு லிட்டர் சுமார் 750 லிட்டர் வாயுவாக விரியும். அது கூரைக் குழாய் வழியே வெளியேற வேண்டும். குழாய் அடைத்திருந்தால் வாயு அறைக்குள் நிரம்பி ஆக்சிஜனைத் தள்ளிவிடும். வேலைக்குச் சேரும் அன்றே அறையின் ஆக்சிஜன் மானி எங்கே இருக்கிறது, கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்று பார்த்துவிடுங்கள். உள்பக்கம் திறக்கும் கதவு அழுத்தத்தில் திறக்காமல் போகலாம்.

கணினி அறிவியல் படித்தவன். மூளை எம்.ஆர்.ஐ. தரவில் வேலை செய்ய விரும்புகிறேன். ஸ்கேனர் வசதி இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

ஸ்கேனர் இல்லாமலே பாதி தூரம் போகலாம். ஓப்பன்நியூரோ தளத்தில் ஆய்வாளர்கள் பொதுவில் வைத்த தரவு இலவசமாகக் கிடைக்கிறது. சிறிய தொகுப்பு ஒன்றை, பத்து இருபது பேர் உள்ளதை, இறக்கிக்கொள்ளுங்கள். எடுத்த எடுப்பில் ஆயிரம் பேர் தரவு வேண்டாம்.

ஸ்கேனரிலிருந்து வரும் கோப்புகள் டைகாம் வடிவில் இருக்கும். ஆய்வில் பயன்படுவது நிஃப்டி. மாற்றித் தர டிசிஎம்2நிக்ஸ் என்ற நிரல் உண்டு. கோப்புகளுக்குப் பெயர் வைக்கவும் அடுக்கவும் 2016-ல் வெளியான பிட்ஸ் என்ற பொதுமுறை இருக்கிறது. அதை முதல் நாளிலிருந்தே பின்பற்றுங்கள். ‘கடைசி_புதுசு_2’ என்று பெயர் வைத்த கோப்புகளால் பாழான ஆய்வுகளுக்குக் கணக்கில்லை. பிறகு பைதான், லினக்ஸ் கட்டளைகள், நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் ஆகியவற்றைப் பழகுங்கள். எஃப்எஸ்எல், எஸ்பிஎம், ஃப்ரீசர்ஃபர் என்ற மென்பொருள்களில் ஒன்றையாவது கையால் படிப்படியாக ஓட்டிப் பாருங்கள். எல்லாவற்றையும் தானே செய்துதரும் எஃப்எம்ஆர்ஐபிரெப் இருக்கிறது; ஓர் ஆளுக்குப் பல மணி நேரம் ஓடும். அதை இரண்டாவதாகப் பழகுவது நல்லது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் அதன் அறிக்கையைப் படித்தால் எது தவறு என்றே கண்ணில் படாது.

அளவு பற்றி ஒரு கணக்கு. 64-க்கு 64 புள்ளிகள், 36 அடுக்குகள், 2 விநாடிக்கு ஒரு படம் என்று 5 நிமிடம் எடுத்தால் 150 மூளைப் படங்கள். ஒரு படத்தில் 1,47,456 வோக்ஸல், அதாவது முப்பரிமாணப் புள்ளி. 150-க்கும் சேர்த்து இரண்டு கோடியே இருபத்தோரு லட்சம் எண்கள். ஒவ்வொன்றுக்கும் 2 பைட் வைத்தால் 44 மெகாபைட். உங்கள் மடிக்கணினியே தாங்கும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். இந்த இரண்டு கோடிக்கு மேற்பட்ட எண்களில் நீங்கள் தேடும் மாற்றம் 1 சதவீதம், 2 சதவீதம். மூளை வேலை செய்யும்போது அந்த இடத்து ரத்தத்தில் ஆக்சிஜன் கூடுவதால் வரும் மாற்றம் அவ்வளவுதான். தலை ஒரு மி.மீ.கூட நகராமல் வெறும் 0.2 மி.மீ. அசைந்தாலே, அதனால் வரும் மாற்றம் இதை விழுங்கிவிடக்கூடும். அசைவை அளக்கும் முறை எளிது: அடுத்தடுத்த இரண்டு படங்களுக்கு நடுவே தலை மூன்று திசைகளில் எவ்வளவு நகர்ந்தது, மூன்று அச்சில் எவ்வளவு திரும்பியது என்று பார்த்துக் கூட்டுவது. திரும்பிய கோணத்தை 50 மி.மீ. ஆரமுள்ள கோளத்தின் மேல் நகர்ந்த தூரமாக மாற்றிக்கொள்கிறார்கள். ஒரு டிகிரி திரும்பினால் அது 0.87 மி.மீ. ஆகிவிடும்.

2012-ல் மூன்று குழுக்கள் தனித்தனியாக ஒரே உண்மையைக் காட்டின. தலை அசையும்போது பக்கத்துப் பக்கத்துப் பகுதிகள் சேர்ந்து இயங்குவது போலவும், தூரத்துப் பகுதிகளின் இணைப்பு குறைந்தது போலவும் போலித்தோற்றம் வருகிறது. குழந்தைகள் பெரியவர்களைவிட அதிகம் அசைவார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். வளர வளர மூளையில் கிட்டத்து இணைப்புகள் குறைந்து தூரத்து இணைப்புகள் கூடுகின்றன என்று அதற்கு முன் வந்த முடிவுகளில் ஒரு பகுதி மூளை வளர்ச்சியே அல்ல, தலையசைவு. நல்ல ஆய்வாளர்கள், நேர்மையான உழைப்பு. அப்படியும் இது நடந்தது. அதனால்தான் எந்தத் தரவை எடுத்தாலும் முதலில் அசைவு வரைபடத்தைத் திறங்கள் என்கிறோம்.

அடுத்த குழி புள்ளியியல். ஒரு லட்சம் வோக்ஸலுக்குத் தனித்தனியாகச் சோதனை வைத்து, 100-க்கு 5 தவறு பரவாயில்லை என்றால், ஒன்றுமே நடக்காத மூளையிலும் 5,000 இடம் ‘ஒளிரும்’. 2009-ல் கிரெய்க் பெனட்டும் கூட்டாளிகளும் ஒரு செத்த சால்மன் மீனை ஸ்கேனரில் வைத்து மனிதர்களின் படங்களைக் காட்டினார்கள். இத்தனை சோதனைகள் வைத்ததற்கான திருத்தம் செய்யாமல் கணக்குப் போட்டபோது அதன் மூளையிலும் செயல்பாடு தெரிந்தது. திருத்தம் செய்ததும் மறைந்தது. திருத்தத்திலும் பிழை வரலாம்: 2016-ல் ஆண்டர்ஸ் எக்லண்டும் குழுவினரும், பரவலாகப் பயன்பட்ட சில முறைகளில் 5 சதவீதமாக இருக்க வேண்டிய பொய் முடிவு சில சூழ்நிலையில் 70 சதவீதம்வரை போவதைக் காட்டினார்கள்.

கடைசியாக, இடது வலது. ரேடியாலஜி வழக்கப்படி படத்தின் இடப்பக்கம் நோயாளியின் வலப்பக்கம். சில ஆய்வு மென்பொருள்களில் நேர்மாறு. கோப்பு மாற்றும்போது இது புரண்டால் மூளையின் இரு பாதிகளும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. வலது நெற்றிப்பொட்டில் ஒரு வைட்டமின் ஈ மாத்திரையை டேப்பால் ஒட்டி ஸ்கேன் எடுப்பார்கள். உள்ளே எண்ணெய் இருப்பதால் படத்தில் அது வெள்ளைப் பொட்டாகத் தெரியும். தரவு எத்தனை நிரல்கள் கடந்து வந்தாலும் அந்தப் பொட்டு எந்தப் பக்கம் என்று பார்த்தால் போதும்.

பொதுத் தரவைக் கையாளும்போது முகத்தை நீக்கிவிட்டார்களா என்றும் பாருங்கள். 1 மி.மீ. தெளிவில் எடுத்த தலைப் படத்திலிருந்து ஒருவருடைய முகத்தை அப்படியே மீட்டெடுக்க முடியும். நீங்களே தரவு வெளியிடும் நாள் வந்தால் இதை மறக்கக்கூடாது.

உளவியல் முதுகலை. கணிதம் என்றாலே பயம். எனக்கு இங்கே இடம் உண்டா?

உண்டு. சரியான கேள்வியைச் சரியாகக் கேட்கத் தெரிந்தவர் இல்லாவிட்டால் ஸ்கேனர் வெறும் இரும்பு. ஆனால் அடிப்படைப் புள்ளியியலிலிருந்து தப்பிக்க முடியாது. அந்தப் பயத்தை மெல்ல மெல்லப் போக்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

உங்கள் கைவரிசை தெரிய வேண்டிய இடம் சோதனை வடிவமைப்பு. ஒரு படத்தைக் காட்டிய நொடியில் ரத்த ஓட்டம் மாறிவிடாது. உச்சத்தைத் தொட 5, 6 விநாடி ஆகும், பழைய நிலைக்குத் திரும்ப இன்னும் பல விநாடி. 4 விநாடிக்கு ஒன்று என்று ஒரே தாளத்தில் படங்களைக் காட்டினால் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் பிரிக்க முடியாமல் போகும். இடைவெளியைக் கூட்டிக் குறைத்து மாற்ற வேண்டும். தொடக்கத்துச் சில படங்கள் சமிக்ஞை நிலைபெறாமல் இருக்கும்; அவற்றைக் கழித்துவிட்டுத்தான் சோதனையைத் தொடங்க வேண்டும். கண்ணாடி வழியே திரையைப் பார்ப்பதால் எழுத்து இடவலம் மாறித் தெரிகிறதா என்று நீங்களே உள்ளே படுத்துப் பாருங்கள். பங்கேற்பாளர் மூக்குக்கண்ணாடி போடுபவரா என்று முதல் நாளே கேட்டு, பிளாஸ்டிக் சட்டத்தில் அதே பவர் லென்ஸ் தயாராக வையுங்கள். கண்ணை மூடச் சொன்னால் சும்மா படுத்திருக்கும் ஸ்கேனில் நிறையப் பேர் தூங்கிவிடுவார்கள். தூங்கும் மூளையை விழித்த மூளை என்று எழுதும் நிலை வரும். நடுவில் ஒரு பிளஸ் குறியைக் காட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆய்வுக்கு வந்தவரின் படத்தில் கட்டி போல ஏதாவது தெரிந்தால் என்ன செய்வது என்பது ஸ்கேன் தொடங்கும் முன்பே எழுத்தில் இருக்க வேண்டும். யார் பார்ப்பது, யார் சொல்வது, எத்தனை நாளில் சொல்வது. ஒப்புதல் படிவத்திலும் அது இருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் செயற்கை நுண்ணறிவு செய்துவிடும் என்கிறார்களே, இன்னும் பத்து வருஷத்தில் இந்த வேலைகள் இருக்குமா?

வேலை மாறும். ஸ்கேன் நேரத்தைக் குறைப்பதில் ஏற்கெனவே மாறிவிட்டது. 2018-ல் நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவ ஆய்வாளர்களும் ஃபேஸ்புக்கும் தொடங்கிய ஃபாஸ்ட்எம்ஆர்ஐ திட்டம், குறைவான சமிக்ஞையிலிருந்து முழுப் படம் உருவாக்கும் முயற்சிக்குப் பெரிய தரவைத் திறந்துவிட்டது. ஆனால் குறைவான தகவலில் இருந்து படம் வரையும் நிரல், இல்லாத ஒன்றை அழகாக வரைந்துவிடவும் கூடும், சிறிய புண்ணை அழித்துவிடவும் கூடும். அதைக் கண்டுபிடிக்க அசல் சமிக்ஞை தெரிந்த ஆள் வேண்டும். இன்னொரு பொறி: நோயாளிகளை ஒரு மெஷினிலும் ஆரோக்கியமானவர்களை வேறு மெஷினிலும் ஸ்கேன் செய்த தரவைக் கொடுத்தால், நிரல் நோயைக் கற்காது, எந்த மெஷின் என்பதைக் கற்கும். சோதனையில் அபாரமாகத் தெரியும். அடுத்த மருத்துவமனையில் கவிழும்.

முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் தேடுகிறேன். நல்ல மூளை ஆய்வகத்தை எப்படி அடையாளம் காண்பது?

பெரிய காந்தத்தைப் பார்த்து மயங்காதீர்கள். 7 டெஸ்லா அருமையான கருவிதான். ஆனால் அங்கே ரேடியோ அலை தலைக்குள் சீராகப் பரவாது, பொருத்திய கருவிகள் உள்ளவர்கள் பலர் உள்ளே வரவே முடியாது, மூக்கு, காது பக்கத்துக் காற்றறைகளுக்கு அருகே படம் இன்னும் அதிகமாக நெளியும். அங்கே முழுநேர எம்.ஆர். இயற்பியலாளர் இல்லையென்றால், நன்றாகப் பராமரிக்கும் 3 டெஸ்லா கருவியே அதைவிட மேலானது.

விண்ணப்பிக்கும் முன் சில விஷயங்களைக் கேளுங்கள். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆய்வுக்கு ஸ்கேனர் கிடைக்கிறது? ஆளுக்குப் பதில் மாதிரி உருளையை ஸ்கேனரில் வைத்துத் தினமும் அல்லது வாரந்தோறும் தரச்சோதனை செய்கிறார்களா? உங்கள் கேள்விக்கு எத்தனை பேர் தேவை? ஒரே நபரிடம் இரண்டு வேலைகளை ஒப்பிடும் ஆய்வுக்குச் சில பத்துப் பேர் போதலாம். ஆளுக்கு ஆள் வேறுபடும் மூளை அமைப்பை அவரவர் குணத்தோடு பொருத்திப் பார்க்கும் ஆய்வுக்கு ஆயிரக்கணக்கானோர் வேண்டும் என்று 2022-ல் ஸ்காட் மாரெக்கும் குழுவினரும் நேச்சர் இதழில் காட்டினார்கள். 25 பேரை வைத்து அதைச் செய்யச் சொல்லும் வழிகாட்டி உங்கள் நான்கு வருடத்தைச் சூதாடுகிறார். அந்தக் கேள்விக்கு பிரிட்டனின் யூகே பயோபேங்க் போன்ற பெரிய தரவுத் தொகுப்பில் வேலை செய்ய வழி உண்டா என்று கேட்கலாம்.

அங்கே படிக்கும் மாணவர்களிடம் தனியாகப் பேசும்போது ஒன்றைக் கேளுங்கள்: கடைசியாக முடித்த ஆய்வில் எத்தனை பேரின் தரவை அசைவுக்காக ஒதுக்கினீர்கள்? எண்ணை உடனே சொல்லி, ஏன் அந்த வரம்பை வைத்தார்கள் என்றும் விளக்கினால் விண்ணப்பத்தை அனுப்புங்கள். “ஒருத்தரும் இல்லை” என்று பதில் வந்தால் அடுத்த ஆய்வகத்தைப் பாருங்கள்.